முறுக்கு உரலும் ரைபிள் குழலும்

தீபாவளிக்கு முந்தின வாரம் பரணிலிருந்து இறங்கும் பித்தளை முறுக்கு உரலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் அமுக்குகிற கட்டை உரலைச் சொல்லவில்லை; மேலே கைப்பிடி வைத்துச் சுற்றுகிறோமே, அந்தத் திருகு உரல். வழவழவென்று ஒரு குழல், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு வட்டத் தட்டு, தட்டைத் தள்ளும் மரை போட்ட ஒரு தண்டு. அவ்வளவுதான். தட்டு குழலோடு சரியாகப் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பது முறுக்குச் சுட்ட எல்லோருக்கும் தெரியும். மாவு அச்சு வழியாகக் கீழே இறங்காது. தட்டின் ஓரமாகப் பிதுங்கி மேலே ஏறும். கைதான் வலிக்கும்.

வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுட்ட காலத்து ரைபிள் எப்படிக் குறி தவறாமல் சுட்டது என்பதைப் புரிந்துகொள்ள இந்த உரல் போதும். ஓரம் கசியாத இறுக்கம் ஒன்று, மரையின் திருப்பம் இன்னொன்று. பழைய குழல்களைப் பற்றிய வீரக் கதைகளையெல்லாம் உதறிவிட்டால் கடைசியில் மிஞ்சுவது இந்த இரண்டும்தான்.

முதலில் கசிவு. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் சிப்பாய் தூக்கித் திரிந்த ‘பிரவுன் பெஸ்’ மஸ்கட்டின் துளை விட்டம் .75 அங்குலம். உள்ளே போட்ட ஈயக் குண்டோ .69 அங்குலம். தட்டு தளர்ந்த உரல்தான் இது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் திடக் கழிவாகவே மிஞ்சும்; சில முறை சுட்டதும் கரி படிந்து துளை சுருங்கிவிடும். சண்டைக்கு நடுவே குண்டு உள்ளே இறங்காமல் சிக்கிக்கொண்டால் சிப்பாயின் கதி அதோகதி. அதனால் இடைவெளி விட்டார்கள். விட்ட இடைவெளி வழியாக வாயு குண்டை முந்திக்கொண்டு ஓடியது. குண்டு குழலின் சுவரில் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டே வந்து, கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கு எதிர்ப்பக்கம் பறந்தது.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட ஜார்ஜ் ஹேங்கர் 1814-ல் இதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். சிப்பாயின் மஸ்கட்டை 80 கெஜம் வரை நம்பலாம், 200 கெஜத்தில் நிற்கும் ஆளைக் குறிவைப்பது மருந்துக்குக் கேடு என்பது அவர் கருத்து. அதே ஹேங்கர்தான் இன்னொரு சம்பவத்தையும் பதிவுசெய்தவர். அவரும் டார்ல்டன் என்ற தளபதியும் குதிரைமேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, ஏறக்குறைய 400 கெஜம் தள்ளிப் படுத்திருந்த அமெரிக்கன் ஒருவன் ரைபிளால் சுட்டான். குண்டு இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து, பின்னால் நின்ற கொம்பூதியின் குதிரையைக் கொன்றது. மஸ்கட்டில் கெட்டித்ததும் கருமருந்து, ரைபிளில் கெட்டித்ததும் கருமருந்து. ஈயமும் அதே ஈயம். குழலின் உட்புறம் மட்டும் வேறு.

என்ன வேறு என்பதைக் கணக்கோடு முதலில் விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். உருண்டைக் குண்டு ஏன் வளைந்து ஓடுகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. குழலின் சுவரில் உரசி வரும் குண்டு ஏதோ ஒரு பக்கமாக உருள ஆரம்பிக்கிறது. அந்த உருளல் காற்றோடு சேர்ந்து குண்டை ஒரு பக்கம் இழுக்கிறது என்றார் அவர். நிரூபிக்க ஒரு மஸ்கட் குழலின் முனையை இடதுபுறமாக வளைத்தார். குண்டு போகும் வழியில் வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார். வளைந்த குழலிலிருந்து புறப்படும் குண்டு இடதுபுறம்தானே போகும் என்று யாரும் நினைப்பார்கள். முதல் திரைகளில் ஓட்டை இடதுபுறம்தான் விழுந்தது. போகப்போக ஓட்டைகள் வலதுபக்கம் நகர்ந்தன. வளைவில் வலது சுவரோடு உரசி உருண்ட குண்டு, அந்தச் சுழற்சியாலேயே வலப்புறம் திரும்பிவிட்டது.

சுழற்சி எப்படியும் வரத்தான் போகிறது. அப்படியானால் நாம் விரும்புகிற திசையில் நாமே அதைக் கொடுத்துவிடலாம். உட்சுவரில் திருகு வரி, அதாவது புரி, வெட்டிய குழல் செய்வது இதைத்தான். குண்டு, தான் போகும் கோட்டையே அச்சாக வைத்துச் சுழன்றால் எந்தப் பக்கமும் இழுபடாது; குண்டில் ஏதாவது கோணல் இருந்தாலும் அது ஒரே பக்கம் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்து சரியாகிவிடும். 1747-ல் ராயல் சொசைட்டிக்கு ராபின்ஸ் இதை விளக்கினார். புரிக்குழலின் இயல்பைப் புரிந்துகொண்டு படைக்குக் கொடுக்கும் நாடு மற்ற நாடுகளை விஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. அந்தக் கணிப்பு பலித்ததை அவர் பார்க்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்த வந்தவர், 1751-ல் நம் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

புரிக்குழலை ராபின்ஸ் கண்டுபிடிக்கவில்லை. 1500-ஐ ஒட்டியே தென் ஜெர்மனிப் பக்கத்துக் கொல்லர்கள் குழலுக்குள் வரி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மன் வேட்டைக்காரர்களின் ‘யேகர்’ ரைபிள் குட்டையானது, துளை பெரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இந்தத் தொழிலைக் கையோடு கொண்டுபோனார்கள். அங்கே லான்காஸ்டர் வட்டாரத்தில் குழல் 42, 44 அங்குலம் என்று நீண்டது; துளை .60-லிருந்து .50, .45 என்று சுருங்கியது. காரணம் சிக்கனம். ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கினால் .60 துளைக்கு 22 குண்டு வரும்; .45 துளைக்கு 50-க்கு மேல் வரும். மாதக்கணக்கில் காட்டில் திரிகிறவன் முதுகில் சுமக்கும் எடை அது.

இப்போது நம் உரலின் தண்டைப் பாருங்கள். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் தட்டு ஒரு நூல் அளவு கீழே இறங்கும். அந்த மரையைப் பிடித்து இழுத்து, ஒரு சுற்றுக்கு நாலு அடி என்று நீட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நீட்டிய மரையைத் தண்டின் மேல் வைக்காமல் குழலின் உட்சுவரில் வெட்டினால் அதுதான் ரைபிள் புரி. உள்ளே எட்டிப் பார்க்கும் கண்ணுக்கு ஏறக்குறைய நேர்க்கோடாகத்தான் தெரியும். சோம்பேறித்தனமாகத் திரும்பும் கோடு. பழைய அமெரிக்கக் குழல்களில் பெரும்பாலும் ஏழு வரிகள். ஒவ்வொன்றின் ஆழமும் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு அளவு.

வரி வெட்டியாயிற்று. குண்டு அதைப் பற்றிக்கொள்ள வேண்டுமே? ஆரம்பத்தில் துளைக்குச் சரியான குண்டை வைத்துச் சுத்தியால் தட்டி இறக்கினார்கள். 1800-ல் வந்த பிரிட்டிஷ் பேக்கர் ரைபிளோடு முதலில் சிறு மரச்சுத்தியும் சேர்த்தே கொடுத்தார்கள். ஈயம் நசுங்கி உருக்குலைந்தது, நேரமும் போனது. இதற்கு வேட்டைக்காரர்கள் கண்ட வழி துணி. .50 துளைக்கு .49 குண்டு, அதைக் கொழுப்புத் தடவிய லினன் துண்டில் பொதிந்து கோலால் தள்ளுவது. தளர்ந்த தட்டின் ஓரத்தில் துணி சுற்றியது மாதிரி. வாயு கசிய இடமில்லை. துணி வரிகளுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. குண்டைத் துணி பிடித்துக்கொள்கிறது. வரியைத் தொடாமலே குண்டு சுழல்கிறது. உள்ளே இறங்கும்போதே முந்தின சூட்டின் கரியையும் அந்தத் துணி துடைத்துவிடும். வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் துணி கழன்று கீழே விழும். விழுந்த துணியைப் பொறுக்கிப் பார்ப்பது நல்ல சுடுகாரரின் வழக்கம். முழுசாக, விரித்த பூப்போல இருந்தால் சரி. ஓரம் கருகிக் கிழிந்திருந்தால் வாயு எங்கோ கசிந்திருக்கிறது.

இதைவிட வேகமான வழியை 1849-ல் பிரெஞ்சுக்காரர் மினியே கொண்டுவந்தார். அடிப்பக்கம் குழிவாக உள்ள நீண்ட குண்டு; வாயு தள்ளும்போது அடி விரிந்து தானே ஓரத்தை அடைத்துக்கொள்ளும். உரலின் தட்டே விரிந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1853 மாதிரி என்ஃபீல்டு இந்த வகைதான். அதன் தோட்டாக் காகிதத்தில் தடவியது எந்த மிருகத்தின் கொழுப்பு என்ற சந்தேகம் 1857-ல் வட இந்தியாவை என்ன பாடுபடுத்தியது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

சரி, நாலு அடி நீளக் குழலை யார், எப்படிச் செய்தார்கள்? தேனிரும்புப் பட்டை ஒன்றை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடித்து, வெண்காரம் தூவி, வெள்ளைச் சூட்டில் இரண்டு ஓரத்தையும் அடித்து ஒட்டவைப்பார்கள். ஒரு சூட்டுக்குச் சில அங்குலம்தான் ஒட்டும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும். ஒரு சூடு தவறினாலும் அந்த இடத்தில் ஒட்டு விடும். பிறகு நீண்ட தமர் விட்டுத் துளையைச் சீராக்குவது. குழல் நேராக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஒரு நூலை இழுத்துக் கட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நூலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணால் அளப்பார்கள். கோணல் தெரிந்த இடத்தில் சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி நூல், மறுபடி தட்டு.

வரி வெட்டும் மேசைதான் எனக்கு இதில் ஆகப் பிடித்த பொருள். கனத்த மர உருளை ஒன்றில் மெதுவாகத் திரும்பும் பள்ளங்கள் செதுக்கியிருக்கும். நாம் நாலு அடிக்கு நீட்டிய உரல் மரையேதான் அது. உருளையைத் தள்ளினால் ஒரு பல்தகட்டின் வழியே ஓடித் தானே திரும்பும். அதோடு பொருத்திய ஹிக்கரி மரக்கோலின் நுனியில் விரல் நகத்தைவிடச் சிறிய, அரம் மாதிரிப் பல் வைத்த ஒரு வெட்டி. ஒரு முறை இழுத்தால் தூசு அளவுக்குத்தான் இரும்பு வரும். ஏழு வரியும் ஒரு சுற்று முடிந்ததும் வெட்டிக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகிக் கொஞ்சம் உயர்த்துவார்கள். திரும்ப ஏழு வரி, திரும்ப ஒரு காகிதம். வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரத்தின் கொல்லர் வாலஸ் கஸ்லர், பட்டை இரும்பிலிருந்து முழு ரைபிள் வரை பழைய கருவிகளாலேயே செய்து காட்டிய ஆவணப்படம் 1969-ல் வெளியானது. யாராவது ‘அந்தக் காலத்தில் எல்லாம் சுலபம்’ என்று சொன்னால் அந்தப் படத்தைப் போட்டுக்காட்டலாம்.

இத்தனை பாடு இருந்ததால்தான், குழல் செய்வது சீக்கிரமே தனித்தொழிலாகப் பிரிந்தது. பழைய ரைபிளை ஒரே கொல்லர் உட்கார்ந்து முழுக்க அடித்துச் செய்தார் என்பது பல நேரம் வெறும் அலங்காரக் கதை. பென்சில்வேனியாவில் ரீடிங் ஊருக்குப் பக்கத்து வயோமிசிங் ஓடைக்கரையில் நீர்ச்சக்கரம் வைத்துக் குழல் துளைக்கும் ஆலைகள் இருந்தன. பல ஊர்க் கொல்லர்கள் குழலை அப்படி வெளியில் வாங்கினார்கள். நியூயார்க் மாநிலத்தில் எலிஃபலெட் ரெமிங்டன் 1816-ல் முதல் குழலைச் செய்தார். 1828-ல் ஈரி கால்வாய்க் கரையில் இலியன் ஊருக்குப் பட்டறையை மாற்றினார். பின்னாளில் உலகப் பெயர் வாங்கிய அந்த நிறுவனம் ஆரம்பத்தில் பிழைத்ததே பிற கொல்லர்களுக்குக் குழல் விற்றுத்தான். விசைப் பொறி வேறொரு ஊரிலிருந்து வரும், பல சமயம் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்தே வரும். உள்ளூர்க் கொல்லர் மரக்கட்டை செதுக்கி, மூன்றையும் பொருத்தி, குழலின் மேல்முகத்தில் தன் பெயரை வெட்டுவார். கட்டையிலிருந்து குழலைக் கழற்றினால்தான், மறைந்த அடிமுகத்தில் உண்மையாகக் குழல் செய்தவரின் முத்திரை இருந்தால் தெரியும். விசைப் பொறியின் தகட்டில் உள்ள பெயரைப் பார்த்து ‘இன்னார் செய்த ரைபிள்’ என்று விலை பேசுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எவ்வளவு திருப்பம் வேண்டும் என்பதில் பழைய கொல்லர்களுக்குள் ஒத்த கருத்தே கிடையாது. பேக்கர் ரைபிளில் 120 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழல் நீளமே 30 அங்குலம் என்பதால் குண்டு கால் சுற்றுதான் சுற்றி வெளியேறும். செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் மலைநாட்டு வேட்டைக்காரர்களுக்குச் செய்த கனத்த ரைபிள்களில் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. யார் சரி? 1879-ல் ஜார்ஜ் கிரீன்ஹில் ஒரு சின்ன வாய்பாடு கொடுத்தார். குண்டின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பது கிடைக்கும். உருண்டைக்கு நீளமும் விட்டமும் ஒன்றுதானே; .50 குண்டுக்கு 75 அங்குலம் வருகிறது. ஆக, உருண்டைக் குண்டுக்கு ஹாக்கனின் திருப்பம் தேவைக்கு மேல். அதிகத் திருப்பம் இருந்தால் என்ன கெட்டது என்றால், மருந்து கூடும்போது குண்டு வரியைப் பின்பற்றாமல் நேரே வழுக்கிக்கொண்டு ஓடலாம். உரலில் கெட்டி மாவை வைத்து முரட்டுத்தனமாகத் திருகினால் மரை வழுக்குமே, அதுதான்.

நீண்ட குண்டின் சங்கதி வேறு. அது சாய்ந்து புரளாமல் இருக்க வேகமான சுழற்சி கட்டாயம். விட்டத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள .45 குண்டை அதே வாய்பாட்டில் போட்டால் இருபத்திரண்டரை அங்குலம் வருகிறது. மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் இந்த வாய்பாடு பிறப்பதற்கு 20 ஆண்டுக்கு முன்பே, சோதித்துச் சோதித்து 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முடிவு செய்திருந்தார். அவர் குழலின் துளை வட்டமே அல்ல, அறுகோணம். 1860-ல் விம்பிள்டன் துப்பாக்கி சுடும் போட்டியைத் தொடங்கிவைக்க, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையைக் கயிற்றால் இழுத்து விக்டோரியா ராணி சுட்டார். 400 கெஜ தூரத்தில் குண்டு இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளி விழுந்தது. அதுவும் வாய்வழி கெட்டித்த துப்பாக்கிதான்.

குழல் முழுவதிலும் முக்கியமான இடம் எது என்று கேட்டால் என் பதில் கடைசி ஓர் அங்குலம். குண்டு கடைசியாகத் தொடும் இடம் குழல்வாய். அங்கே ஒரு பக்கம் ஒரு மயிரிழை தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் வாயு முன்னதாகப் பீறிட்டுக் குண்டைத் தட்டிவிடும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியிலோ தினமும் தேய்வதே அந்த இடம்தான். ஒவ்வொரு சூட்டுக்கும் கோல் அதை உரசிக்கொண்டே போய் வருகிறது. இதற்கு 1840-ல் காப்புரிமை பெற்ற தந்திரம் ஒன்று உண்டு. வரி வெட்டுவதற்கு முன்பே குழல்முனையில் ஒரு துண்டை அறுத்து, முளை வைத்துத் திரும்பப் பொருத்தி, இரண்டுக்கும் சேர்த்து வரி வெட்டுவார்கள். கெட்டிக்கும்போது அந்தத் துண்டை மாட்டிக்கொள்வது, சுடும்போது கழற்றிவிடுவது. தேய்வதெல்லாம் துண்டோடு போகும். இந்தப் பொய்வாயைக் கண்டுபிடித்த ஆல்வன் கிளார்க், பிற்பாடு உலகின் மிகப்பெரிய தொலைநோக்கி வில்லைகளை அரைத்துப் புகழ்பெற்ற அதே ஆள்தான். நூலிழை நேர்த்தி என்பது அவருக்குக் கைவந்த விஷயம்.

வரி தேய்ந்த குழலைத் தூக்கி எறியவும் மாட்டார்கள். குழலுக்குள்ளேயே ஈயத்தை உருக்கி ஊற்றினால், பழைய வரிகளின் அச்சு ஈயத்தில் அப்படியே விழும். அந்த ஈயக் கட்டியில் வெட்டியைப் பதித்து இழுத்தால் பழைய வரியே வழிகாட்டியாக, புதிய வரி ஆழமாக விழும். துளை கொஞ்சம் பெரிதாகும். குண்டு வார்க்கும் அச்சையும் மாற்ற வேண்டும். ஆகவே இன்று .47 என்று அளவு காட்டும் பழைய குழல் பிறந்தபோது .44 ஆக இருந்திருக்கலாம். அளவை மட்டும் வைத்து வயதைச் சொல்லும் நிபுணர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பழைய குழல் எவ்வளவு துல்லியம்? துரு அரிக்காத, வாய் தேயாத குழல் என்றால், உருண்டைக் குண்டிலேயே 100 கெஜத்தில் பத்துக் குண்டையும் உள்ளங்கை அகலத்துக்குள் வைக்கும். அதற்குமேல் தூரம் போனால் தவறு குழலுடையதல்ல. உருண்டைக் குண்டு 100 கெஜம் போவதற்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்து காற்றின் தயவில் மிதக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் போட்டிகளில் மதிப்பெண்ணை எண்ணிச் சொல்லாமல் நூலால் அளந்தார்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்ள தூரத்தை ஒரே நூலில் தொடர்ந்து அளந்துகொண்டே போக வேண்டும். யாருடைய நூல் குட்டையோ அவருக்குப் பரிசு. இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற ஊரில், 1933-ல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கத்தார் இன்றும் கூடிச் சுடுகிறார்கள்.

வாய் தேய்ந்த குழலில் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்து புதிதாக வாய் கடைந்தால் குறி திரும்பிவிடும். ஆனால் பழம்பொருளுக்குரிய மதிப்பு பாதியாகும். என்னைக் கேட்டால் வெட்டக்கூடாது. சுட வேண்டும் என்றால் புதிய குழல் கிடைக்கிறது. பழைய கொல்லர் வெட்டிய வரி இனிக் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. தாத்தா காலத்துப் பெட்டியிலோ பழைய வீட்டுச் சுவரிலோ இப்படி ஒரு துப்பாக்கி கண்ணில் பட்டால், அது காலி என்று நினைத்துக் கையில் எடுத்து விளையாடாதீர்கள். நூறு ஆண்டுக்கு முன் கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே இருக்கும் துப்பாக்கிகள் இன்றும் கிடைக்கின்றன, காய்ந்த கருமருந்து எத்தனை வருடமானாலும் பற்றும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு மரக்கோலை வாய்வழியாக இறக்கி, அது நின்ற ஆழத்தைக் குழலின் வெளிப்பக்க நீளத்தோடு ஒப்பிட்டுத்தான் காலியா என்று முடிவு செய்வார்கள். நீங்கள் அதைக்கூடச் செய்ய வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.